முழங்கால் பள்ளத்துக் கீறல்கள்

பெயிண்ட் வேலை முடிந்த மோட்டார் சைக்கிள் டேங்கை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று புகழ்கிறவர்களைக் கண்டாலே பாலிஷக்காவுக்கு ஆகாது. "டியூப்லைட்ல எல்லாரும் அழகுதான், வெயிலுக்கு வாங்க" என்பாள். டேங்கைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போவாள். வெயில் சாய்ந்து விழுகிற இடமாகப் பார்த்து நின்று, அதை இப்படியும் அப்படியும் திருப்புவாள். எங்காவது மயிரிழைபோல ஒரு கீறல் கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது கதை. "அட குடுங்கக்கா, இது யாருக்குத் தெரியப்போகுது" என்று வண்டிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாலும் மசிய மாட்டாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே!" என்று சொல்லிவிட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

கடையில் பெயிண்ட் துப்பாக்கியைப் பிடிப்பது அவள் புருஷன் பெயிண்டர். பளபளப்பு வருவது அதற்கப்புறம், இவள் கையில். கலர் அடித்து, அதன்மேல் கண்ணாடிபோல கிளியர் அடித்துக் காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தால், பார்வைக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்கு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். அதை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் கொஞ்சம் முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள், பிறகு அதைவிட மெல்லியது. ஒவ்வொரு தாளும் தன் பங்குக்குக் கீறிவிட்டுத்தான் போகும். முந்தின தாள் போட்ட கீறலை அடுத்த தாள் எடுக்க வேண்டும், கடைசித் தாள் போட்டதை பாலிஷ் மெஷினும் காம்பவுண்டுப் பசையும் எடுக்க வேண்டும். நடுவில் சோம்பேறித்தனப்பட்டு ஒன்றைத் தாண்டினால் அது கடைசிவரை நின்று பல்லை இளிக்கும். "நம்ம கீறலை நாமதான் எடுக்கணும், வேற எவன் வந்து எடுப்பான்?" என்று வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பேசிக்கொள்வது அவள் வழக்கம்.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டாள். அது அவள் அப்பாவின் வண்டி.

அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு பல வருஷம் தனியாகவே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்து எதிரே வருவது மாடா மனுஷனா என்று தெரியாத நிலையிலும் "எனக்கென்ன, ஜோராத் தெரியுது" என்று வீம்பாகத் திரிந்தார். மகள்தான் திட்டிக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அங்கே போனவர், தனக்கு முன்னால் உட்கார்ந்தவர் படித்த எழுத்துகளைக் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு, தன் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். அங்கே இருந்த நர்ஸம்மா அட்டையை எடுத்துவிட்டு வேறோர் அட்டையை மாட்டினாள். "இப்பச் சொல்லுங்க" என்றாள். டிரைவர் அதே எழுத்துகளை அதே வரிசையில் இன்னும் சத்தமாக ஒப்பித்தார். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள்தான் இரண்டு பேரும்.

அவர்கள் கல்யாணச் சேதி மகளுக்குப் போனில் வந்தது. "வர்ற திங்கக்கெழம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சிருக்கோம். தோதுப்பட்டா வா" என்றார், பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்கிற அதே குரலில். இவள் "சரி" என்றாள். போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை போகவில்லை.

அதிலிருந்து அப்பா எப்போது கூப்பிட்டாலும் இவள் பக்கம் "ம்", "சரி", அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கம் வானிலை, பஸ் கட்டணம், கரண்ட் கட் என்று எதையாவது வளவளவென்று இழுத்துக்கொண்டே இருப்பார். இவள் "சரி" என்று சொல்லிக் கட் பண்ணிவிடுவாள். ரெண்டாவது கண்ணுக்கும் ஆப்பரேஷன் ஆனபோது போய்ப் பார்த்தாள், பழம் வாங்கிக் கொடுத்தாள், நர்ஸம்மா காபி கொண்டுவருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க" என்பாள் புருஷனிடம். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று பெயிண்டர் கேட்பான். உண்மை என்னவென்றால் அவளுக்கு வலித்தது வேறு இடத்தில். அப்பாவின் வண்டியில் பின்சீட்டு என்றால் அது அம்மா. அம்மா ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அந்த இடத்தில் இன்னொருத்தியை வைத்துப் பார்க்க மனசு இடம் கொடுக்கவில்லை. சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று சொல்லாமலே வைத்திருந்தாள்.

நர்ஸம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு தலைவலி. முறைக்குச் சித்தி. ஆனால் அந்த வார்த்தை தொண்டைக்குமேல் ஏறவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசிவிடுகிற வித்தையை பாலிஷக்கா நன்றாகப் பழகிக்கொண்டாள். நேரில் என்றால் "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்". அப்பாவிடம் என்றால் "வீட்ல இருக்காங்களா". இப்படிச் சந்துபொந்தில் புகுந்து ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் நர்ஸம்மா ஒரு குட்டி லாரியில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி உடுப்போடேயே வந்திருந்தாள். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

"சர்வீஸுக்கு விட்டிருக்குன்னு அவர்கிட்டப் பொய் சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன்மா. கண்ணு நல்லாத் தெளிஞ்சுடுச்சு. இனிமே வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொல்லப்போறார். அன்னைக்கு அவர் கண்ணுக்கு இந்த வண்டி புதுசாத் தெரியணும்னு ஒரு ஆசை. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. என்ன கலர்னு நீயே பாத்து வெச்சுடு."

மாட்டேன் என்று சொல்ல பாலிஷக்காவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

டேங்கின்மேல் அவள் அறிந்த நாளிலிருந்து ஒரு ரெக்ஸின் உறை உண்டு. அதைக் கழற்றினால், உள்ளே பழைய பச்சைப் பெயிண்டில் மேல்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கன்னாபின்னாவென்று தேய்த்த கீறல். பாலிஷக்காவுக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் புண்ணியவான் இது? பாத்திரம் வெளக்குற நாரைப் போட்டுத் தேய்ச்சிருக்கான்! அந்தக் கையை உடைச்சு அடுப்புல வெக்கணும்" என்று திட்டிக்கொண்டே அத்தனையையும் தேய்த்து எடுத்தாள். பெயிண்டர் அவள் சொன்ன கலரை அடித்தான். நிழலில் கறுப்பு, வெயில் பட்டால் உள்ளிருந்து கிளம்பி வருகிற கரும்பச்சை. அவர்கள் கடையிலேயே அப்படி ஒரு கலர் அதுவரை அமைந்ததில்லை. ஆனால் இந்த மாதிரி அடர்ந்த கலரில் ஒரு வசதிக்குறைவு உண்டு. நகக்கீறலைக்கூட ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்பக்கம், இடதுபக்கம், மூடியைச் சுற்றி எல்லாம் மனசுக்குப் பிடித்தபடி முடிந்தது. வலதுபக்கம் ஓட்டுகிறவர் முழங்காலை ஒட்டிக்கொள்கிற பள்ளம் மட்டும் பாக்கி. அங்கே வளைவு அதிகம், மெஷின் உட்காராது, கையால்தான் மெனக்கெட வேண்டும். தாள் போட்ட கோடுகள் அப்படியே நின்றன. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள்.

அந்தப் பக்கம் போனை எடுத்ததுமே பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. சும்மா சிரிப்பு இல்லை. வயிறு குலுங்கி, மூச்சு வாங்கி, "ஐயோ அம்மா" என்று முடிகிற சிரிப்பு. அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட சிரிப்பு. அப்புறம் கேட்டதே இல்லை. இவள் போய் உட்கார்ந்த எந்த நாளிலும் கேட்டதில்லை.

"சொல்லும்மா" என்றாள் நர்ஸம்மா.

"வேலை முடிஞ்சுடுச்சு. வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு கிரீம் டப்பா உண்டு. பழைய வண்டியை விற்கிற தரகர்கள் ஆசையாகக் கேட்பார்கள். கீறலை எடுக்காது, அதில் புகுந்து அடைத்துக்கொண்டு இல்லாத மாதிரி காட்டும். கொஞ்ச நாளைக்கு எல்லாம் கண்ணாடி. அதைத் தொடுவதையே கேவலம் என்று நினைக்கிறவள், அன்றைக்கு விரலில் வழித்து எடுத்துப் பள்ளத்தில் பூசி, துணியால் இரண்டு இழுப்பு இழுத்தாள். கோடுகள் காணாமல் போயின.

"வெயிலுக்குக் காட்டலியா?" என்றான் பெயிண்டர், டேங்கை வாங்கிக்கொண்டு.

"யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் பாலிஷக்கா.

பெயிண்டர் அவள் முகத்தைப் பார்த்தான். நல்ல புருஷன் என்பதால் ஒன்றும் கேட்காமல் டேங்கை வண்டியில் மாட்டப் போனான். இவள் கிரீம் டப்பாவை அடித்தட்டில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள்.

சில நாள் போயிற்று. ஒரு மத்தியானம், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் வாங்கப் பெயிண்டர் போயிருந்த நேரம், ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நர்ஸம்மா இறங்கினாள். அவள் மடியில் ஆஸ்பத்திரிப் பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு மூட்டை. பிரசவ வார்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். வண்டியை இங்கிருந்து எடுத்துப்போய் ஆஸ்பத்திரி ஷெட்டில் ஒளித்துவைத்திருந்தாளாம். ஜெனரேட்டர் பார்க்கிற மெக்கானிக்கைக் கெஞ்சி டேங்கை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்மா" என்றாள், உட்காராமலே. "நாளைக்குக் காலையில அவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். முந்தாநாள் தூசியா இருக்கேன்னு பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சுத் துடைச்சேன். எனக்கு எதை எடுத்தாலும் ஸ்பிரிட்டுதான், பழகிப்போச்சு. வீட்டுச் சாவியைக்கூடத் துடைச்சுத்தான் மாட்டுவேன், அவர் கேலி பண்ணுவார். வெயில்ல பாத்தா... கோடு கோடா விழுந்துபோச்சும்மா. நீ அவ்ளோ அழகா செஞ்சு குடுத்ததை நான் கெடுத்துட்டேன்."

பாலிஷக்கா பெட்ஷீட்டைப் பிரித்தாள். வலதுபக்கப் பள்ளத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பஞ்சோ துணியோ கீறினால் வளைந்து வளைந்து விழும், வட்டமாக விழும். இங்கே எல்லாக் கோடும் ஒரே பக்கமாக, சீப்பால் வாரியதுபோல நேராகப் படிந்திருந்தன. தண்ணீர் விட்டுத் தாளால் தேய்த்த கை போட்ட கோடுகள். அவள் கை. ஸ்பிரிட் செய்த ஒரே காரியம், பூசிய கிரீமைக் கழுவியதுதான்.

"போகுமாம்மா இது?" என்றாள் நர்ஸம்மா.

"போகும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பாலிஷக்காவுக்குத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சரிபண்ணிக் கொடுத்தால் போதும், இந்த அம்மாள் காலத்துக்கும் நன்றி சொல்லிக்கொண்டு கிடப்பாள். அப்பாவுக்கும் தெரியாது. இந்தச் சின்னக் கணக்கு மனசில் ஓடியதை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடு பள்ளத்தின் ஓரங்களில் டேப் ஒட்டினாள். ஓரத்தில் கிளியர் மெல்லிசாக இருக்கும், அங்கே கை தவறினால் கலரே போய்விடும்.

"இப்படிப் புடிச்சுக்கோங்க. ஆடக் கூடாது. அந்த பாட்டில்ல இருந்து தண்ணி சொட்டுச்சொட்டா விடணும்" என்றாள்.

நர்ஸம்மா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து பிடித்தாள். பாலிஷக்கா இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் டேங்கைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். இரும்பைப் பிடிக்கிற மாதிரிதான் எல்லாரும் பிடிப்பார்கள். இவள் வலிக்கிற கையைத் தாங்குகிற மாதிரி, அடியில் உள்ளங்கை கொடுத்து, இம்மிகூட அசையாமல் பிடித்தாள். தண்ணீரும் சொன்னபடியே சொட்டியது. பாலிஷக்கா மெல்லிய தாளைச் சின்ன ரப்பர் துண்டில் சுற்றிக்கொண்டு, பழைய கோட்டுக்குக் குறுக்காகத் தேய்க்கத் தொடங்கினாள். குறுக்காகத் தேய்த்தால்தான் பழையது போய்விட்டதா என்று தெரியும்.

தாள் தேய்ந்ததும் புதுத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டாள்.

"திட்டணும்னா திட்டிடும்மா" என்றாள் நர்ஸம்மா மெல்ல. "நீ பேசாம இருக்கறதுதான் பயமா இருக்கு."

"எதுக்குத் திட்டணும்?"

"அந்த வீட்டுல எதைத் தொட்டாலும் உங்கம்மா வாங்கின சாமான். எதையும் கெடுத்துடக் கூடாதுன்னு நான் ஒரு டம்ளரைக்கூட இடம் மாத்தினது இல்ல. உப்பு டப்பா அவ்ளோ உயரத்துல இருக்கு, எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துட்டு மறுபடியும் அங்கயேதான் வெப்பேன். இந்த வண்டி ஒண்ணுதான் நானா ஆசைப்பட்டுச் செஞ்சது. அதுலயும் போய்க் கையை வெச்சு..." மேலே சொல்லாமல் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலிஷக்காவின் கை நின்றது. அந்த உப்பு டப்பாவை அவளுக்குத் தெரியும். அம்மா நல்ல உயரம். பாலிஷக்கா வளர்ந்தபிறகும் தனக்கே எட்டாமல் அம்மாவைத் திட்டியிருக்கிறாள். இந்தக் குள்ள மனுஷி ஒரு வருஷமாகத் தினம் ஸ்டூலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள், யாரும் கேட்காத ஒரு மரியாதைக்காக.

"நீங்க எதையும் கெடுக்கல" என்றாள்.

"இல்லம்மா, நான்தான் துடைச்சேன். அந்தப் பஞ்சுகூட..."

"நான் சொல்றதைக் கேளுங்க. இது பஞ்சு போட்ட கீறல் இல்ல. நான் தாளால தேய்ச்சது. எடுத்திருக்கணும். எடுக்காம, மேல ஒரு கிரீமைப் பூசி மறைச்சுக் குடுத்துட்டேன். உங்க ஸ்பிரிட்டு அந்தக் கிரீமைத்தான் எடுத்துச்சு. தெரியாம நடந்தது இல்ல. தெரிஞ்சேதான் பண்ணினேன்."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனைக்கும் பிடி தளரவில்லை.

"அப்ப நான் கெடுக்கலியா?"

"இல்ல."

"நெசமா நான் கெடுக்கலியா?"

"சத்தியமா இல்ல."

"அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் நர்ஸம்மா. ரெண்டு நாளாக இந்தப் பாவத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தவளின் பெருமூச்சு அது. மகள்மேல் கோபப்பட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் கழித்துத்தான், அதுவும் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில், "ஏம்மா அப்படிப் பண்ணின?" என்றாள்.

சுற்றி வளைக்க பாலிஷக்காவுக்குத் தெம்பு இல்லை. "அன்னைக்கு நான் போன் பண்ணினப்ப அப்பா சிரிச்சிட்டு இருந்தார். அம்மா போனதுக்கப்புறம் அவர் அப்படிச் சிரிச்சு நான் கேக்கவே இல்ல. நான் இல்லாத எடத்துல சிரிக்கறாரேன்னு இருந்துச்சு. என்னை மறந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் மூக்கு அடைத்துக்கொண்டது. ஈரக்கையால் துடைக்கவும் முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

நர்ஸம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். அப்புறம் திடீரென்று அவள் முகம் மலர்ந்தது. "அன்னைக்கா? ஐயோ, அன்னைக்கு ஓடினதே உன் கதைதான்!"

"என் கதையா?"

"நீ பேச்சு வந்து நடை வந்த வயசாம். அவர் இந்த வண்டியைப் புதுசா வாங்கி நிறுத்தியிருக்கார். நீ போய்ப் பாத்திரம் வெளக்குற நாரையும் சோப்பையும் எடுத்துட்டு, டேங்க் மேல ஏறிக் குதிரையில உக்காந்த மாதிரி உக்காந்துக்கிட்டு, 'அப்பா வண்டியைப் பளபளன்னு ஆக்கறேன்'னு தேய் தேய்னு தேய்ச்சியாம். உங்கம்மா கரண்டியோட ஓடிவந்தாங்களாம். இவர் குறுக்க நின்னுக்கிட்டு, 'என் பொண்ணு மொதமொதல்ல செஞ்ச வேலை, ஒருத்தரும் அவ மேல கை வெக்கக் கூடாது'ன்னாராம். மறுபடியும் பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு மெக்கானிக் சொன்னதுக்கும் ஒத்துக்கலியாம். உறையைப் போட்டு மூடிட்டார். 'இப்ப ஊரே அவகிட்டத்தான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துது, தொழிலை எங்க கத்துக்கிட்டான்னு எவனுக்காவது தெரியுமா, என் டேங்க்ல!' அப்படின்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார். அந்த நேரம் பாத்துத்தான் உன் போன் வந்துச்சு."

பாலிஷக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் புண்ணியவான் இது என்று கேட்டு, கையை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னது யாரை? தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பின் பாதியிலேயே அழுகையும் வந்துவிட்டது. "எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டேனே" என்றாள்.

"எடுத்தா என்ன? அவர் மறக்கவா போறார்?" என்றாள் நர்ஸம்மா. "அழுதுட்டே தேய்க்காதம்மா, கை தவறிடும். நான் வேணா தண்ணி நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதீங்க" என்றாள் பாலிஷக்கா.

பழைய கோடுகள் போய்க் குறுக்குக் கோடுகள் மட்டும் நின்றன. அதற்கடுத்த தாளில் அவையும் போய், பள்ளம் முழுக்க மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கியது. மெஷின் ஏறாத இடத்தில் பஞ்சு உருளையில் காம்பவுண்டைத் தொட்டு, கையாலேயே வட்டம் வட்டமாக இழைத்தாள். அவசரப்படவில்லை. நர்ஸம்மாவும் பெஞ்சின் விளிம்பிலிருந்து எப்போதோ நடுவுக்கு வந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கதை, உப்பு டப்பாக் கதை என்று பேச்சு ஓடியது. "இன்னைக்கே போய் அந்த டப்பாவைக் கீழ எறக்கி வைங்க. விழுந்து வெச்சீங்கன்னா உங்களை யார் பாக்கறது" என்று பாலிஷக்கா அதட்டியதற்கு நர்ஸம்மா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள். பள்ளத்தில் கறுப்பு மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டு வந்தது.

வெயில் சாய்ந்ததும் டேங்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாலிஷக்கா வாசலுக்குப் போனாள். ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினாள்.

"துடைங்க."

"ஐயோ, நான் மாட்டேன்மா. மறுபடியும் ஏதாவது ஆயிடப்போகுது."

"நல்லா அழுத்தித் துடைங்க. கிரீம் இல்லன்னு உங்களுக்கும் தெரியணும் இல்ல?"

நர்ஸம்மா பயந்து பயந்து ஒரு தரம் துடைத்தாள். பிறகு தைரியம் வந்து இன்னொரு தரம், ஊசி போடுவதற்கு முன்னால் தேய்க்கிற மாதிரி அழுத்தமாகத் துடைத்தாள். கரும்பச்சை வெயிலில் உள்ளிருந்து எழுந்து வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள், சந்தேகத்தோடு.

"அங்க நின்னா தெரியாது. கீறல் இருந்தா ஒரே ஒரு பக்கத்துலேர்ந்துதான் தெரியும். இங்க வாங்க. இன்னும் கிட்ட."

இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டாத குறையாகக் குனிந்து, ஒரே திசையில் பார்த்தார்கள். பள்ளத்துக்குள் சூரியன் ஒரு சின்னப் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு கோடும் இல்லை. நர்ஸம்மாவின் உடுப்பில் ஸ்பிரிட் வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்து வந்தன. நல்ல வாசனைதான் என்று பாலிஷக்காவுக்குத் தோன்றியது.

அந்த நேரம் நர்ஸம்மாவின் பையில் போன் அடித்தது. "அவராத்தான் இருக்கும். கையெல்லாம் ஈரம், நீ எடுத்து என் காதுல வைம்மா" என்றாள். பாலிஷக்கா டேங்கை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். தன் காதில்தான் வைத்தாள். நர்ஸம்மா டேங்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் துடைத்தாள்.

"எங்க போய்ட்ட? சொட்டு மருந்து போடற நேரமாச்சே" என்றார் டிரைவர்.

"அப்பா, நான்தான்."

"நீயா? இந்த போன் எப்படி உன் கையில...?"

"சித்தி இங்கதான் இருக்காங்க. கை ஈரமா இருக்கு, அதான் நான் எடுத்தேன்."

பக்கத்தில் பஞ்சு அசையாமல் நின்றுவிட்டது பாலிஷக்காவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"எதுக்கு வந்தாங்கன்னு கேக்காதீங்க, நாளைக்குச் சொல்றோம்" என்றாள். "மருந்து போட சித்தி இப்பக் கெளம்பிடுவாங்க. நானும் கூட வரேன்."

பஸ் கட்டணத்திலிருந்து கரண்ட் கட்வரைக்கும் ஓயாமல் பேசுகிற மனுஷர் ஒன்றுமே பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி" என்றார். பாலிஷக்கா போனைக் கட் பண்ணவில்லை. அவரும் பண்ணவில்லை.

சித்தி, ஒரு கீறல்கூட இல்லாத அந்தப் பள்ளத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.